ஏழாம் கொட்டு

என்னிடம் இருக்கும் பதினொரு கொப்பிகளில் ஒரு வினைச்சொல் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. எழுபத்தாறாம் ஆண்டு, தை மாதத்துப் பக்கம், நீல மை. ‘மகாவலித் தண்ணீர் உலர் வலயத்துக்கு வருகிறது’ என்று எழுதியிருக்கிறேன். ‘போகிறது’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை நம்பி என் அக்காவும் அத்தானும் தங்கள் தோட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். ஐந்தரை வருடம் கழித்து ஒரு ஆவணி மாதம் அந்தத் தோட்டத்தை விட்டுப் போனார்கள். இடையில் நடந்ததை எழுதி வைத்தவன் நான் ஒருவன்தான். எழுதி வைத்ததால் ஒன்றையும் தடுக்க முடியவில்லை.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். வீடு பாலையூற்றில். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைமானியில் விழுந்த மழையையும் இறங்குதுறைத் தூணில் கடல் ஏறி இறங்கும் அளவையும் காலையும் மாலையும் பதிவது என் பொறுப்பு. வெள்ளைக்காரக் கடற்படை போன பிறகு அந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை. ஆனால் பழக்கம் என்னை விடவில்லை. எதையாவது அளந்து எழுதாவிட்டால் அந்த நாள் முடிந்த மாதிரி இருக்காது.

அக்கா மூதூருக்கு அருகே கட்டைபறிச்சானில் கலியாணம் செய்தவள். அத்தானின் குடும்பத்தில் ஆண்கள் அதிகம், வயல் குறைவு. அவர் கொட்டியாரக் குடாவுக்கு இரண்டு மைல் மேலே, கங்கையின் மேற்குக் கரையில், ஒரு மணல் மேட்டைத் திருத்தி மிளகாயும் வெங்காயமும் நட்டார். எங்கள் பக்கத்தில் யாரும் அந்த ஆற்றை மகாவலி என்று சொல்வதில்லை. கங்கை, அவ்வளவுதான். மகாவலி என்பது வானொலியிலும் பள்ளிக்கூடப் பூமிசாத்திரத்திலும் ஓடுகிற ஆறு. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும், மகாவலி என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீர் யாருக்கும் நினைவுக்கு வராது.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நான் அங்கே போவேன். பட்டணத்து இறங்குதுறையில் லாஞ்சி ஏறி மூதூர், அங்கிருந்து சைக்கிளில் கங்கைத் துறை, பிறகு பாதை. வாகனத்தையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவைத் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்துப் போவார்கள். இழுத்தவர் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எல்லாரும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“வாங்க கிளாக்கர். இண்டைக்கும் கிணத்துக்கு நாடி புடிக்கப் போறீங்களா?”

நாடி பிடித்தது உண்மைதான். தோட்டத்துக் கிணறு கொட்டுக் கிணறு. மணல் நிலத்தில் கல் கட்டி நிறுத்த ஏலாது. அதனால் சீமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு கொட்டு. அந்தக் கிணற்றில் ஒன்பது கொட்டு. மேலேயிருந்து எண்ணி, தண்ணீர் எந்தக் கொட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவேன். ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் வடிந்த வாரம் தொடங்கினேன். அன்றைக்குத் தண்ணீர் முதலாம் கொட்டிலேயே நின்றது. குனிந்து கையாலேயே அள்ளலாம்.

பாதையடியில் ஒரு மரத்தூண் இருந்தது. அதில் தார் பூசிக் கோடு போட்டு ஆற்றையும் அளக்கத் தொடங்கினேன். நான் பட்டணத்தில் இருக்கும் நாட்களில் தூணைக் காக்கா பார்த்துச் சொல்வார்; கிணற்றை அக்கா பார்ப்பாள். குசினிச் சுவரில் கரியால் ஒரு நாளைக்கு ஒரு கோடு, பக்கத்தில் கொட்டின் எண். இரண்டு வருடக் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கங்கை ஏறினால், ஏறி ஒன்பது பத்து நாளில் கிணறும் ஏறுகிறது. மழையே பெய்யாத மாதத்திலும் அப்படித்தான். மலைநாட்டில் எங்கோ பெய்த மழை ஆற்றில் வந்து, மணலுக்குள் நுழைந்து, மிளகாய்ப் பாத்திகளுக்குக் கீழாக நடந்து, பத்தாம் நாள் அக்காவின் வாளிக்குள் வருகிறது. அதை விளங்கிக்கொண்ட சனிக்கிழமை நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அத்தானிடம் சொன்னேன்.

“அப்ப நான் குடிக்கிறது கண்டித் தண்ணி எண்டு சொல்லும் மச்சான்,” என்றார் அத்தான். “அதுதான் உம்மட அக்காவுக்கு இவ்வளவு குளிர்ச்சியான வாய்.”

“கதைக்கிறதை விட்டிட்டுத் துலாவை மிதியுங்கோ,” என்றாள் அக்கா.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிச் சூறாவளியில் கடல் ஆற்று வழியாக ஏறி வந்து தோட்டத்தின் மேல் நின்றது. கிணறு சவர்த்துப் போனது. உப்பும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை, நாக்கின் ஓரத்தில் நிற்கும் அந்தச் சுவையைத்தான் சவர் என்கிறோம். அடுத்த மாரிக்குள் கங்கை அதைக் கழுவி எடுத்துவிட்டது. மறுபடியும் நல்ல தண்ணீர். என் கொப்பியில் அந்த வருடம் முழுவதும் கொட்டுக் கணக்கு இருக்கிறது. சவர்த்தது பற்றி ஒரு வரி கூட இல்லை. கொட்டு எண்ணத்தான் கட்டம் போட்டிருந்தேன். சுவைக்குக் கட்டம் போடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் பருப்பையும் இறக்குமதி செய்வதை அரசாங்கம் நிறுத்தியது. அத்தானுக்கு நல்ல காலம். துலாவைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் ஒன்று வாங்கினார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரும் வாங்கினார்கள். பருப்பு இல்லாத காலம் என்பதால் வேலியோரம் கௌப்பிப் பயறும் போட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான், எழுபத்தைந்தின் கடைசியில், அத்தானுக்கு மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடலோரத்தை விட்டு உள்ளே, ஒரு பாசனக் குளத்தின் கீழ், குடியேற்றக் காணி தருகிறார்களாம். விரும்பினால் தை முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். அக்காவுக்குப் போக விருப்பம். குளத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீருக்கு ஒரு பயமும் இல்லை என்பது அவள் எண்ணம். அத்தானுக்கு மணல் மேட்டை விட மனமில்லை. ஆறேழு வாரம் இருவரும் இதே கதை. கடைசியில் என்னைக் கேட்டார்கள். கொப்பிக்காரன் நான்தானே.

தைப்பொங்கல் கழிந்த வாரம் நான் போனபோது பாதையடியில் ஒரு சின்னக் கூட்டம். காக்காவின் றேடியோவில் தமிழ்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. மகாவலி நீர் திசை திருப்பப்பட்டு உலர் வலயத்துக்கு வழங்கப்படுகிறது என்று வாசித்தார்கள்.

“உலர் வலயம் எண்டா ஆரு கிளாக்கர்?” என்றார் காக்கா.

“நாங்கள்தான் காக்கா. வரைபடத்திலை எங்கடை மாவட்டமும் உலர் வலயம்தான்.”

“அதானே! நம்மள விட ஒலந்த ஆக்கள் இந்த நாட்டுல ஆரு இரிக்கி? ஆடி மாசம் வந்தா என்ட நாக்கப் பாருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் பொங்கல் மிச்சத்தை வாழையிலையில் வைத்துக் கங்கையில் விட்டார். நான் வரைபடத்தைப் பார்த்தவன். மாகாண எல்லைகளும் மழைக் கோடுகளும் மனப்பாடம். எங்கள் மாவட்டம் உலர் வலயத்தில்தான் இருந்தது. அதில் பிழை இல்லை. ஆனால் அதே வரைபடத்தில் எங்கள் கங்கை, மேலே எந்த இடத்தில் திருப்புகிறார்களோ அந்த இடத்துக்குக் கீழே இருந்தது. உலர்ந்த இடங்களில், தண்ணீரைக் கொடுக்கிற ஆற்றின் வாயிலேயே குடியிருந்த ஆட்கள் நாங்கள் மட்டும்தான். அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய ஆள் நான்தான்.

அன்று பின்னேரம் பதினெட்டு வருடக் கணக்கை அத்தானுக்கு முன்னால் விரித்தேன். “எவ்வளவு கச்சான் காத்து அடிச்சுக் காய்ஞ்சாலும் இந்தக் கிணறு ஏழாம் கொட்டுக்குக் கீழை போனதில்லை. ஒருக்காலும் இல்லை. இனி மகாவலியும் வருகுது. இருங்கோ அத்தான்.”

அக்கா குசினிக்குள் போய் வந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அத்தான் கச்சேரிக்குப் பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டாலே போதும், அந்தக் காணி வேறு ஒருவருக்குப் போய்விடும். நான் கொப்பியை எடுத்து அந்த வரியை எழுதினேன்.

அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு கங்கை வற்றிய விதம் எனக்குப் புதிதாக இருந்தது. மழை குறைந்த வருடமும்தான். அதனால் முதலில் யோசிக்கவில்லை. ஆனியில் பாதை நடு ஆற்றில் மணலில் தட்டி இருந்துவிட்டது. ஏறியிருந்த ஒரு லொறியை இறக்கி, ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினார்கள். தார்க்கோடுகளில் கடைசிக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் நின்றது. புதிதாக இரண்டு கோடு கீறினேன். கிணறு பத்தாம் நாள் அதற்குப் பதில் சொன்னது: எட்டாம் கொட்டு.

அதே மாதம் குசினியில் அக்கா ஒரு சங்கதி சொன்னாள். நான் கரிக்கோடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, கௌப்பி அவியுதில்லையடா.”

“கௌப்பி எண்டால் அப்பிடித்தான்,” என்றார் வாசலில் இருந்த அத்தான். “அரசாங்கம் சொல்லி வளர்த்த சாமான். கல்லுத்தான்.”

“போன வருசம் அவிஞ்சதுதானே. இப்ப இரண்டு மணித்தியாலம் எரிச்சாலும் பல்லிலை கடிபடுது. சவுக்காரமும் நுரைக்குதில்லை.”

“பழைய விதையா இருக்கும் அக்கா,” என்றேன். “நீங்கள் எத்தினையாம் கொட்டு எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். எத்தினையாம் கொட்டு எண்டு மட்டும் சொல்லுங்கோ என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்தில் எட்டு என்ற எண் இருக்கிறது, கௌப்பி இல்லை. தண்ணீரில் உப்பு ஏறினால் பயறு வகை அவியாது என்று பிறகு வாசித்தேன். நாக்குக்குத் தெரியும் முன்னே பானைக்குத் தெரியும். எங்கள் கிணறு மாறத் தொடங்கிய மாதத்தைச் சரியாகச் சொன்னவள் அவள்தான். நான் அதைப் பதியவில்லை.

எழுபத்தேழில் கிணறு ஒன்பதாம் கொட்டின் அடியைத் தொட்டது. மெசின் அரை மணித்தியாலம் ஓடினால் காற்றை இழுத்துக் கத்தும். மிளகாய் பூத்த நேரம். அத்தான் என்னைப் பார்த்தார்.

“இனி என்ன மச்சான்?”

நான் யோசித்துச் சொன்ன பதில் இது: தண்ணீர் கீழே போனால் கிணறும் கீழே போக வேண்டும். இரண்டு கொட்டு இறக்குவோம்.

கிண்ணியாவிலிருந்து கிணறு இறக்குகிற இருவர் வந்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கி வளையத்தின் காலைச் சுற்றி மணலைத் தோண்டுவார். மற்றவர் மேலே கப்பியில் வாளி இழுப்பார். தோண்டத் தோண்ட ஒன்பது கொட்டும் தம் பாரத்தில் மெல்லக் கீழே இறங்கும். மேலே வெறுமையான இடத்தில் புதிதாக இரண்டு வளையம் வைப்பார்கள். மூன்று நாள் வேலை. மேலேயிருந்து எண்ணுவதால் என்னுடைய பழைய கணக்கு குழம்பாது என்று எனக்கு அன்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது முகம் சுருங்குகிறது.

மூன்றாம் நாள் உள்ளே நின்றவர் சத்தம் போட்டார்: “ஊத்துத் தண்ணி வருது! வடக்குப் பக்கத்தால வருது!”

வடக்குப் பக்கம் கடல். அதையும் நான் யோசிக்கவில்லை. அத்தான் வாளியில் வந்த முதல் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நல்ல தண்ணீர். அந்தப் போகம் மிளகாய் நன்றாகக் காய்த்தது. அக்கா பிழிந்த தேசிக்காய்த் தண்ணீரை எல்லாரும் குடித்தோம். அக்கா மட்டும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, “சீனி கூடப் போட்டனான், அதுதான் தெரியேல்லை,” என்றாள். என்ன தெரியவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கோடைக் கச்சான் காற்று தொடங்கிய பிறகு மிளகாய் இலைகளின் ஓரம் கரியத் தொடங்கியது. நெருப்புப் பட்ட கடதாசி மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே. அத்தான் பூச்சி மருந்து அடித்தார், பிறகு சாம்பல் தூவினார், பிறகு இறைப்பைக் கூட்டினார். இறைக்க இறைக்க இன்னும் கரிந்தது. ஆடியில் ஒரு சனிக்கிழமை காக்கா பாதையை நடு ஆற்றில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“கிளாக்கர், இஞ்ச வாங்க. தண்ணிக்குள்ள பாருங்க.”

கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று, பாதையின் அடியில் மெல்ல விரிந்து சுருங்கிப் போனது. சொறி. கடலில் மிதக்கும் இழுதுமீன்; குளிப்பவர்களின் உடம்பில் பட்டால் எரியும். இவ்வளவு தூரம் ஆற்றுக்குள் நான் கண்டதில்லை.

“முப்பது வருசமா இந்தக் கம்பிய இழுக்கன். சொறி பாதையடிக்கி வந்தத இப்பதான் பாக்கன்,” என்றார். பிறகு மறுபடியும் கம்பியை இழுக்கத் தொடங்கினார். “ஒங்கட கொப்பிலதான இரிக்கி, முந்தி கங்கை கிணத்துக்குக் குடுத்த கணக்கு? இப்ப கிணறு கங்கைக்கிக் குடுக்கிது. கங்கைக்கி மேல இருந்து வாறது காணா. இந்தப் பக்கம் கிணத்தயும் அந்தப் பக்கம் கடலயும் உறிஞ்சிது.”

நகர நூலகத்தில் நிலத்தடி நீர் பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகத்தை அதற்குப் பிறகுதான் தேடி எடுத்தேன். கடலோர மணலில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறும். ஆழமாக்கி இறைத்தால், அந்த இடத்தில் உப்பு கூம்பு மாதிரி எழுந்து வாளியைத் தேடி வரும். அந்தப் பந்தியை மூன்று முறை வாசித்தேன். புத்தகத்தில் தேதி முத்திரைகள் இருந்தன. எனக்கு முன் அதை எடுத்தவர் அறுபத்திரண்டில் எடுத்திருக்கிறார். பதினாறு வருடமாக அது அந்த அலுமாரியில் இருந்தது. நான் அந்த அலுமாரிக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து யாத்திரைப் புத்தகங்கள் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தானிடம் சொன்னேன். இறக்கியது பிழை, அதை நான்தான் சொன்னேன் என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அறுபத்து நாலிலையும் சவர்த்ததுதானே மச்சான். ஒரு மாரி பெஞ்சால் கழுவிப் போடும்.”

அந்தக் கார்த்திகையில் மட்டக்களப்பைப் புயல் அடித்தது. எங்கள் பக்கமும் மழை கொட்டியது. கிணறு மூன்றாம் கொட்டுக்கு ஏறியது. மாசி வரைக்கும் தண்ணீர் நன்றாக இருந்தது. அத்தான் மறுபடியும் நாற்று மேடை போட்டார். அந்த மூன்று மாதமும் அவர் என்னோடு கதைத்த மாதிரி பிறகு கதைக்கவில்லை. பங்குனியில் நாக்கின் ஓரத்தில் அது திரும்பி வந்தது. அறுபத்து நாலில் உப்பு மேலே இருந்து வந்தது, கங்கை நிறைய இருந்தது, கழுவிக்கொண்டு போனது. இந்த முறை கீழே இருந்து வந்தது. கோடையில் அதைத் தள்ளிக்கொண்டு போகக் கங்கையில் தண்ணீர் இல்லை.

எழுபத்தொன்பதில் கொப்பிகளைச் சீலைப் பையில் போட்டுக்கொண்டு, அத்தானையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர் சம்பந்தமான ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி இளையவர், மரியாதையானவர். எங்களை இருக்கச் சொன்னார். இரண்டு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம், ஆறும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். இப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

“உப்பு அளவு எந்தப் பக்கத்திலை இருக்கு?”

“அது எழுதேல்லை.”

“ருசியாவது? சவர், நல்லது எண்டு ஏதாவது?”

“இல்லை.”

அவர் கொப்பியை மெதுவாக மூடினார். “அப்ப இதிலை கிணத்தின்ரை உயரம் மட்டும்தான் இருக்கு ஐயா. கிணறு கெட்டது இதிலை இல்லை. கங்கை குறைஞ்சதாலையோ, மெசின் கூடினதாலையோ, ஆழமாக்கினதாலையோ, மழை குறைஞ்சதாலையோ எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது. மேலை திருப்பின தண்ணியாலை எண்டு நான் எழுதினால், எங்கை சான்று எண்டு கேப்பினம்.”

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். திருப்பிய தண்ணீரில் ஒரு பங்கு கடலோரத்தை விட்டு உள்ளே இருந்த பாசனக் குளங்களுக்கும் போனதாகச் சொன்னார். அத்தானுக்கு வந்த கடிதத்தில் இருந்த குளத்தின் பெயரையும் சொன்னார். அங்கே இரண்டு போகமும் விளைகிறதாம். அத்தான் கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது, “நல்ல பொடியன்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் தண்ணீர் பற்றி எதுவும் கேட்டதில்லை. மிளகாயை விட்டு வெங்காயம், வெங்காயத்தை விட்டு வத்தாளைக் கிழங்குக் கொடி, கடைசியில் தென்னம்பிள்ளைகள். தென்னை உப்பைத் தாங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தாங்கியது, காய்க்க எட்டு வருடம் வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் காக்கா மூதூர்ப் பக்கத்திலிருந்து பாதையில் ஏற்றி அனுப்புவார். காலையில் இரண்டு தகரக் கான். அக்கா அதைத்தான் சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் பங்கு பிரித்தாள். குளிப்பு, உடுப்புத் துவைப்பு எல்லாம் கிணற்றில். அவளுடைய தலைமயிர் சணல் மாதிரிப் போயிருந்தது. வெளிநாட்டு மிளகாயும் திரும்ப வந்துவிட்டிருந்தது. தோட்டத்தைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக மெசினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் கிணற்றை மண் போட்டு மூடினார். ஏன் என்று கேட்டதற்கு, பார்க்க ஏலாமல் இருக்கு என்றார்.

எண்பத்தொன்று ஆவணியில் அத்தான் போவதென்று முடிவு செய்தார். கட்டைபறிச்சானில் அவருடைய தம்பியின் வளவில் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே தம்பியின் வயலில் வேலை. ஐம்பத்தைந்து வயதில், முன்பு தனக்குப் போதாது என்று விட்டு வந்த வயலில்.

நான் விடியற்காலை லாஞ்சியில் போனேன். சாமான் பெரிதாக இல்லை. கட்டில், அலுமாரி, சட்டி பானை, கழற்றிய துலாவின் மரம். மெசின் முன்பே போய்விட்டது. மாட்டு வண்டியில் ஏற்றி முடிந்தபோது நான் கிணற்றடிக்குப் போனேன். பழக்கம்தான். ஒரு வருடத்துக்கு மேலாக யாரும் மெசின் வைத்து இறைக்காததால் தண்ணீர் ஏறியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் முறையும் எண்ணினேன்.

அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தாள். சுவரில் கரிக்கோடுகள் அப்படியே இருந்தன.

“எத்தினையாம் கொட்டு?”

“ஏழு.”

பழைய ஆவணி மாதங்களில் இருந்த அதே ஏழு. பதினெட்டு வருடக் கணக்கை விரித்து வைத்து இதற்குக் கீழே போகாது என்று நான் சொன்ன அதே ஏழு. கொப்பியை மட்டும் பார்க்கிற ஒருவர், அந்தக் கிணற்றுக்கு எதுவுமே நடக்கவில்லை என்று நினைப்பார்.

“அப்ப நல்லாத்தான் கிடக்கு,” என்றாள் அக்கா. கேலியாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

பாதையடிக்கு வந்தபோது பதினொரு மணி இருக்கும். வண்டியை ஏற்றிக் கம்பியை இழுத்தார்கள். கரையிலிருந்து இருபது முழம் போகவில்லை, பாதை மணலில் இருந்துவிட்டது. காக்கா தண்ணீரில் இறங்கித் தள்ளிப் பார்த்தார். அத்தானும் நானும் இறங்கினோம். அசையவில்லை. காக்காவுக்கும் வயது போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு பாதையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தார்.

“விடுங்க. கங்கை தூக்காது. கடல் ஏறட்டும், அது தூக்கும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஒங்களுக்குத் தெரியுமே கிளாக்கர், எத்தின மணிக்கி?”

துறைமுகத்து வற்றுப்பெருக்கு அட்டவணை எனக்கு மனப்பாடம். பின்னேரம் மூன்றேகாலுக்குக் கடல் உச்சம். ஆற்றுக்குள் வர இன்னும் அரை மணித்தியாலம். சொன்னேன். அத்தான் தலையாட்டினார். மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்ட இடம் இல்லை. அக்கா வண்டிக்குள் ஏறி, கட்டிலின் மேல் இருந்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். காக்கா அனுப்பும் கானில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவள் மூடியில் ஊற்றி முதலில் அத்தானுக்கும் பிறகு காக்காவுக்கும் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது மூடியில் பாதிதான் வந்தது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் பாதை மெல்ல அசைந்தது.